வாசலில் நிற்கும் வண்டியும் வழியில் கிடக்கும் மனிதனும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், புனித வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் கூடிய கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் பந்தலும் பாட்டும், தேரும் விருந்தும் மட்டும் அல்ல. பழைய ஏற்பாட்டிலே ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. அந்த ஆண்டிலே அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றான். கைமாறிப் போன நிலம் உரியவனிடம் திரும்பியது. முடங்கிக் கிடப்பதை அவிழ்த்து விடுவதே யூபிலியின் உட்பொருள். ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டிலே நம் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது வேறொன்றும் இல்லை; வாசலிலே தார்ப்பாய் போர்த்தி நிற்கிறதே, அந்தப் பழைய கார்தான்.

கோயில் கூட்டத்தில் கார்ப் பேச்சா என்று சிரிக்க வேண்டாம். இந்தப் பங்கு தொடங்கிய காலத்தில் கார் வைத்திருந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று நிலைமை வேறு. புது வண்டி வந்ததும் பழையது ஓரம் கட்டப்படுகிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெற்றோரால் ஓட்ட முடியாமல் வண்டி நின்றுவிடுகிறது. விழா வேலைகள் தொடங்கியது முதல், "சாமி, வீட்டிலே ஒரு பழைய வண்டி சும்மா நிற்கிறது, கோயிலுக்கோ ஏதாவது இல்லத்துக்கோ கொடுத்துவிடலாமா?" என்று நம்மிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். நல்ல மனத்தோடு கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது. எனவேதான் இந்த உரை.

நற்செய்தியில் வாகனம்

நல்ல சமாரியனின் உவமையை நாம் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவன் மேல் அவன் இரக்கம் கொண்டான். காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். அதற்கு அடுத்தபடி என்ன செய்தான்? தான் ஏறிவந்த விலங்கின் மேல் அவனை ஏற்றினான். தன் வாகனத்தைக் கொடுத்துவிட்டுத் தான் நடந்தான். அந்த வாகனம் இல்லாவிட்டால் அவன் கட்டிய கட்டெல்லாம் வழியோரத்திலேயே வீணாய்ப் போயிருக்கும். ஆக, இரக்கத்திற்குச் சில வேளைகளில் ஒரு வாகனம் தேவைப்படுகிறது.

நம் ஆண்டவரும் எருசலேமுக்குள் நுழைய ஒரு வாகனம் கேட்டு வாங்கினார். யாருடைய கழுதைக்குட்டியோ அது. ஆண்டவருக்குத் தேவை என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் உரியவர்கள் அவிழ்த்துக் கொடுத்தார்கள். அதுவரை யாரும் ஏறியிராத குட்டி என்று நற்செய்தி கூறுவதைக் கவனியுங்கள். வயதாகி, நொண்டி, இனி உதவாது என்று ஒதுக்கிய கழுதையை அவர்கள் அனுப்பவில்லை.

தமிழருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய பறம்புமலைப் பாரி, படரக் கொழுகொம்பு இன்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்தான் என்று பள்ளிப் பருவத்தில் படித்தோம். முல்லைக்குத் தேர் எதற்கு, ஒரு குச்சி போதாதா என்று அன்றே நம்மில் சிலர் ஆசிரியரைக் கேட்டிருப்போம். பாரியின் பெருமை தேரின் விலையில் இல்லை. கொடியின் தவிப்பைக் கண்ட அந்தக் கணத்தில் அவன் தன் வசதியைப் பற்றி எண்ணவில்லை. அங்கேதான் அவன் பெருமை. இல்லாதவர்க்கு ஈவதே ஈகை, மற்றதெல்லாம் ஒன்றை எதிர்பார்த்துச் செய்வதே என்பது வள்ளுவரின் கருத்தும் அன்றோ?

கொடுத்தவரும் புனிதர், பெற்றவரும் புனிதர்

இனி நம் காலத்துக்கு அருகே வருவோம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் அகில உலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. அதற்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வந்தார். இந்திய மண்ணில் கால் பதித்த முதல் திருத்தந்தை அவரே. மாநாட்டு நாட்களில் அவர் பயன்படுத்துவதற்கென்று லிங்கன் கான்டினென்டல் என்ற வெள்ளை நிறக் கார் ஒன்று வந்திருந்தது. அமெரிக்க மக்கள் அவருக்கு அன்பளிப்பாய்த் தந்த கார் அது. ஊர்வலமாய் மக்களைச் சந்தித்து முடித்தபின், அந்தக் காரை அவர் உரோமைக்குக் கொண்டுபோகவில்லை. கல்கத்தாவிலே ஏழைகளுக்குப் பணி செய்துகொண்டிருந்த அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அன்னையின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேரிச் சந்துகளில் நடந்து போகிற கன்னியர்களுக்கு அவ்வளவு பெரிய காரால் என்ன பயன்? அது குடிக்கிற பெட்ரோலுக்கு எங்கே போவது? அதே சமயம், அது திருத்தந்தை தந்த பரிசு. கண்ணாடிக் கூண்டிலே வைத்து வணங்குவாரும் உண்டு. அன்னை அதில் ஒருமுறை ஏறிப் பார்க்கவும் இல்லை. வெறுமனே விற்றால் ஒரு காரின் விலைதான் கிடைக்கும். திருத்தந்தையின் கார் என்று பரிசுச் சீட்டு நடத்தினால், சிறிது சிறிதாய்ப் பலர் கொடுப்பது பெரிதாய்ச் சேரும். அப்படியே செய்தார். சேர்ந்த தொகை அசன்சோல் அருகே தொழுநோயாளருக்காக எழும்பிக்கொண்டிருந்த சாந்தி நகருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊராரால் விரட்டப்பட்டவர்கள் குடும்பமாய் வாழ்ந்து, தொழில் கற்று, மருத்துவம் பெறுகிற இடமாய் அது வளர்ந்தது.

அன்னை தெரேசா 2016-இலும், திருத்தந்தை ஆறாம் பவுல் 2018-இலும் புனிதர்களாய் உயர்த்தப்பட்டார்கள். ஒரு பழைய காரின் வரலாற்றிலே இரு புனிதர்கள்! அவர்களிடமிருந்து மூன்று காரியங்களை நாம் கற்கிறோம். ஒன்று, கொடுத்தவர் நல்ல நிலையில் இருந்ததைக் கொடுத்தார். இரண்டு, இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போடாமல் கொடுத்தார். மூன்று, பெற்றவர் காரைப் பார்க்கவில்லை. காருக்குள்ளே தொழுநோயாளியின் வீட்டைப் பார்த்தார்.

திருத்தந்தை பிரான்சிசும் இவ்வழியிலேயே நடந்தார். 2013-இல் அவருக்கு அன்பளிப்பாய் வந்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள், 2014 பெப்ருவரியில் பாரிஸ் நகரில் ஏலம் விடப்பட்டு, உரோமைத் தெர்மினி இரயில் நிலையத்தருகே வீடற்றோருக்குக் காரித்தாஸ் நடத்தும் விடுதிக்கும் உணவகத்துக்கும் உதவியது. 2017-இல் பரிசாய் வந்த லம்போர்கினி காரும் அவ்வாறே 2018-இல் ஏலத்துக்குப் போயிற்று. அதில் வந்த பணத்தின் ஒரு பகுதி, ஈராக்கின் நினிவே சமவெளியில் இடிக்கப்பட்ட கிறிஸ்தவ வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கென ஒதுக்கப்பட்டது. 2014-இல் பெத்லகேமில் அவர் ஏறிச் சென்ற வண்டியோ விற்கப்படவில்லை. அதைக் காசாப் பகுதிக் குழந்தைகளுக்கான நடமாடும் மருத்துவமனையாக மாற்றும் பணியை எருசலேம் காரித்தாசிடம் தம் இறுதி மாதங்களில் ஒப்படைத்தார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபின், மே மாதத்தில் அச்செய்தி வெளிவந்தது. விற்க வேண்டியதை விற்றார். ஓட வேண்டியதை ஓடவிட்டார். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

குருட்டு ஆடும் நொண்டி ஆடும்

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. மலாக்கி இறைவாக்கினர் காலத்தில் மக்கள் பலிபீடத்துக்குக் குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் கொண்டுவந்தார்கள். இதை உங்கள் ஆளுநனுக்குக் கொடுத்துப் பாருங்கள், அவன் ஏற்றுக்கொள்வானா என்று இறைவாக்கினர் சாடினார். ஏழைக்குக் கொடுப்பது ஆண்டவருக்குக் கொடுப்பதே என்று நம்புகிற நாம், இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஒரு குடும்பத்தார் மாலை போட்டு, மந்திரித்து, புகைப்படம் எடுத்து, ஒரு காரைக் கொடுத்துச் சென்றார்கள். ஆர்.சி. புத்தகம் இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்து போயிருந்தது. பாட்டரி போயிற்று, டயர்கள் வெடித்திருந்தன. கன்னியர்களால் அதை ஓட்டவும் முடியவில்லை. உரிய தாள் இல்லாததால் முறைப்படி விற்கவும் முடியவில்லை. இரண்டு மழைக்காலம் அது வேப்ப மரத்தடியில் நின்றது. "கொடுத்தவர்களிடம் சொல்லலாமே, அம்மா" என்றோம். "வேண்டாம் சாமி, அவர்கள் மனம் நோகும். மாதா மாதம் அரிசி தருகிறவர்கள்" என்றார் மதர். கொடுத்தவர்கள் புண்ணியம் சேர்ந்ததாக எண்ணியிருக்க, பெற்றவர்கள் ஒரு சுமையை வாய்திறவாமல் சுமந்தார்கள்.

இது நம் நாட்டுக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் பழைய கார்களை அறநிலையங்களுக்குக் கொடுப்பது பெரும் வழக்கம். அங்கே நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் இவ்வாறு கார்களைப் பெற்று ஏழைகளுக்கு உதவுகிறார்கள். கொடுத்தவர் காரின் மதிப்பைத் தாமே குறித்து வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 54 கார் நன்கொடைகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் குறித்த மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் அறநிலையத்தின் கைக்குப் போயிருந்தது. மிச்சம் இடைத்தரகிலும் விளம்பரத்திலும், மிகையாய்க் குறித்த மதிப்பிலும் மறைந்துவிட்டது. அதன்பின் சட்டம் மாறிற்று. 2005 முதல், அறநிலையம் காரைப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், 500 டாலருக்கு மேற்பட்ட காருக்குப் பொதுவாக விற்ற விலை எவ்வளவோ அவ்வளவே கொடுத்தவரின் கணக்கில் கழியும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது ஆண்டவரின் போதனை. ஆனால் வலக்கை கொடுத்தது ஏழையின் கையில் போய்ச் சேர்ந்ததா என்று அறிந்துகொள்வது நம் கடமையே.

கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

ஆகவே, கார் கொடுக்க எண்ணும் குடும்பங்களுக்கு நம் யோசனைகள் இவை.

முதலாவது, பெறுகிறவரைக் கேளுங்கள். இல்லத்தில் ஓட்டுநர் உண்டா? பெட்ரோலுக்கும் இன்சூரன்சுக்கும் பழுதுபார்ப்புக்கும் வழி உண்டா? சொந்தக் கார் பதிவு 15 ஆண்டுக்கு மட்டுமே செல்லும். பின்பு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வண்டியை ஏழை இல்லத்தின் தலையில் கட்டுவது முறையாகாது. 'கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்' என்பது உண்மைதான். மறுக்கத் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதால்தான் நாம் மிகுந்த கவனமாய்க் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பெயரை மாற்றிக் கொடுங்கள். சாவியைக் கொடுப்பதோடு தானம் முடிவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டி கைமாறினால் கொடுப்பவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பெறுபவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்குரியவை. கடனில் வாங்கிய வண்டியானால், வங்கியின் தடையில்லாச் சான்று பெற்று அந்தப் பதிவை நீக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. எல்லா வாரிசுகளும் மனமொத்துக் கையொப்பமிடட்டும். ஒரு தம்பிக்குத் தெரியாமல் செய்த தானம் குடும்பத்தில் சண்டையைத்தான் வளர்க்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? பெயர் மாற்றாமல் பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்பது அத்தீர்ப்பு. கொடுத்தவருக்கும் ஆபத்து, அடிபட்ட ஏழைக்கு இழப்பீடு கிடைப்பதிலும் இழுபறி. அறம் செய்யப் போய் ஒருவருக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது.

மூன்றாவது, ஓடாத வண்டியை வண்டியாகக் கொடுக்காதீர்கள், பணமாக்கிக் கொடுங்கள். விற்கக் கூடியதை நியாய விலைக்கு விற்று, பெயர் மாற்றி, அந்தத் தொகையைக் கொடுங்கள். விற்கவும் ஆகாததைக் கண்ட காயலான் கடையில் தள்ள வேண்டாம். 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே ஒப்படைத்தால் இரும்பின் விலையும் கிடைக்கும். ஒப்படைப்புச் சான்றிதழும் கிடைக்கும். பாட்டரியின் ஈயமும் அமிலமும் எண்ணெய்க் கழிவும் நம் வாய்க்காலில் கலக்காமல் முறைப்படி அகற்றப்படும். இறைவன் படைத்த மண்ணைக் கெடுக்காதிருப்பதும் ஒரு தானமே.

வரிச் சலுகை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில், அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்குப் பணமாய்க் கொடுத்தால்தான் அந்தச் சலுகை. காராய்க் கொடுத்தால் இல்லை. ரொக்கமாய் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். இதுவும் விற்றுக் கொடுப்பதற்கு ஒரு காரணம்.

அப்பா ஓட்டிய வண்டி

இவ்வளவும் கேட்டபின், சில வீடுகளில் வண்டி நிற்பதற்கு உண்மையான காரணம் தாளும் அல்ல, பணமும் அல்ல என்பதையும் நாம் அறிவோம். "அது அவர் ஓட்டிய வண்டி, சாமி. வாசலில் நின்றால் அவர் வீட்டில் இருப்பது போல் இருக்கிறது" என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார். அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். யாரும் அவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொன்னோம்.

ஆயினும் அன்போடு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உயிரற்ற இரும்பு நினைவைக் காப்பாற்றாது. ஒவ்வொரு மழைக்கும் துரு ஏறும். ஒவ்வொரு ஆண்டும் மதிப்பு இறங்கும். இன்று ஒரு நோயாளியை ஏற்றிச் செல்லக் கூடிய வண்டி, நான்கு ஆண்டு கழித்து எடைக்குப் போகும். அவர் உயிரோடிருந்த நாளில் அந்த வண்டியில் யார் யாரை ஏற்றிச் சென்றார்? அண்டை வீட்டுப் பிரசவத்துக்கு நள்ளிரவில் எடுத்திருப்பார். பள்ளித் தேர்வுக்குப் பிந்திய பிள்ளையை ஏற்றியிருப்பார். அந்த வேலையை அது தொடர்வதல்லவா அவருக்குரிய நினைவு? ஆன்மா இளைப்பாற்றிக்காகப் பூசை கேட்கிறோம். அதோடு, அவர் பெயரால் ஓர் ஏழை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அதுவும் ஒரு செபமே.

நம் பங்கு செய்ய வேண்டியது

நம் பங்கிலே சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இரண்டு மூன்று முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்யச் செல்பவர்கள் இருக்கிறார்கள் என்று நம் சபையார் வீடு சந்திப்பில் கண்டு வந்தார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஆனால் போய்வரும் ஆட்டோவுக்கு உண்டு. சிகிச்சை முடிந்து தலை சுற்றும் நிலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. ஆட்டோவுக்குப் பணமில்லாத வாரம் ஒரு முறையை விட்டுவிடுகிறார்கள். விட்டால் காலிலும் முகத்திலும் நீர் கோக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிருக்கே ஆபத்தாகிறது. இதோ, எரிகோவுக்குப் போகும் சாலையில் கிடப்பவர்கள். எண்ணெயும் இரசமும் மருத்துவமனை தருகிறது. ஏற்றிச் செல்ல விலங்குதான் இல்லை.

எனவே பங்கு மேய்ப்புப் பணிப் பேரவையோடு கலந்து நாம் எடுத்த முடிவு இது. நல்ல ஓட்டத்தில் உள்ள, தாள் சரியாய் உள்ள ஒரே ஒரு வண்டியைப் பங்கு ஏற்கும். பெயர் மாற்றியபின்பே சாவியை வாங்குவோம். அது நோயாளிகளுக்கு மட்டுமே ஓடும். பங்குத் தந்தையின் சொந்த வேலைக்கு ஓடாது. மற்ற வண்டிகளை உரியவர்களே விற்றோ, உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தோ, வரும் தொகையைச் சபையின் பயண உதவி நிதிக்குத் தரலாம். பெட்ரோலும் இன்சூரன்சும், வண்டி போக முடியாத நாளின் ஆட்டோ வாடகையும் அந்த நிதியிலிருந்து. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று கோயில் வாசலில் ஒட்டப்படும். கொடுத்தவர் பெயர் கல்வெட்டிலோ வண்டிக் கண்ணாடியிலோ எழுதப்பட மாட்டாது.

கார் இல்லாதவர்கள், இது நமக்கு ஆகாத பேச்சு என்று எழுந்துவிட வேண்டாம். ஓட்டத் தெரிந்த இளைஞன் வாரத்தில் ஒரு நாள் ஓட்டலாம். வண்டிப் பட்டறை வைத்திருப்பவர் கூலி வாங்காமல் பழுது பார்க்கலாம். துணைக்குப் போக ஆளில்லாத நோயாளியோடு ஒரு தாய் உடன் போய் உட்காரலாம். ஆலயக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், பெருந்தொகைகளைக் காட்டிலும் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணையே பாராட்டினார்.

அன்பர்களே, ஐம்பது ஆண்டுகளாய் இறைவன் நமக்குக் கொடுத்தது ஏராளம். அதில் நமக்குத் தேவையற்றது எது என்று தேடுவது தானத்தின் தொடக்கம்; பிறருக்குத் தேவையானது எது என்று தேடுவதே அதன் நிறைவு. இந்த வாரம் வீடு திரும்பியதும் வாசலில் நிற்கும் வண்டியின் தார்ப்பாயை ஒருமுறை விலக்கிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். குடும்பமாய் உட்கார்ந்து பேசி, செபித்து, முடிவு செய்யுங்கள். டயாலிசிசுக்குப் போக வேண்டியவர் காத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மழையும் வந்துகொண்டிருக்கிறது.

நல்ல சமாரியனாய் நம்மைத் தேடிவந்த இயேசு ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. புனித வின்சென்ட் தே பவுலே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

— பங்குத் தந்தை